குழியில் கிடந்த ஈடு

தோலைக் கையால் தொட ஆள் வேண்டும் என்றுதான் பாங்கி என்னை வேலைக்கு வைத்தது. குமாஸ்தாக்கள் தொட மாட்டார்கள். பியூன்களும் தொட மாட்டார்கள். நான் தோலிலேயே வளர்ந்தவன். என் தகப்பனார் ஆம்பூரில் தோல் ஷாப்புக் கூலி. தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப்பு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு தோலை ஊறப்போடும் குழியிலிருந்து தோல் இழுக்கிற வேலை. அப்புறம் தரம் பிரிக்கிற வேலை. அங்கிருந்து பாங்கி.

இப்போது பாங்கியில் தோலைத் தொட ஆள் எடுப்பது இல்லை. ஆடிட்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார்கள். அது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காகிதத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. பழைய முறை என்ன என்று வேலூர் கிளையில் இருக்கிறவர்கள் கேட்டார்கள். வாயால் சொன்னேன். எழுதிக் கொடு என்றார்கள். எழுதுகிறேன்.

என் வேலைக்குக் கிட்டங்கி காவல் என்று பெயர். வியாபாரி பதனிட்ட தோலைக் கட்டுக் கட்டாகத் தன் கிட்டங்கியில் அடுக்குவான். அந்தக் கிட்டங்கிக்குப் பாங்கி தன் பூட்டைப் போடும். சாவி என் இடுப்பில். கதவின் மேல் பாங்கியின் பெயர் எழுதிய பலகை. நூறு ரூபாய்ச் சரக்குக்கு அறுபதோ எழுபதோ கடன். மீதி, விலை இறங்கினால் தாங்குவதற்கு. வியாபாரி ஒரு கட்டு எடுக்க வேண்டுமானால் அதற்குண்டான பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி வர வேண்டும். சீட்டு இல்லாமல் கதவு திறக்காது.

பூட்டுவது சுலபம். பூட்டுவதற்கு முன்னால் பார்க்கிறதுதான் வேலை. மேல் கட்டைப் பார்க்கக் கூடாது. அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் உருவ வேண்டும். கட்டைப் பிரித்து நடுத் தோலை இழுத்து, முதுகுப் பக்கம் மடித்துப் பார்க்க வேண்டும். நல்ல ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் மடித்தால் வெடிக்காது. நாக்கு நுனியில் வைத்தால் துவர்க்கும். கரித்தால் எடை ஏற்ற உப்புப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். மழைக்காலத்தில் எடை போடக் கூடாது. போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் கடன் கொடுத்த கணக்கு ஆகும்.

இதெல்லாம் சரக்கைப் பார்க்கிற விதம். ஆளைப் பார்க்கிற விதம் ஏஜெண்ட் சேஷாசல நாயுடுவுடையது.

கிளைக்குத் தலைவரை அப்போது ஏஜெண்ட் என்பார்கள். நாயுடு ஒல்லி. பேச்சும் ஒல்லி. வேலூரிலிருந்து வந்து ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கிக் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். வண்டி அனுப்புகிறேன் என்று எந்த வியாபாரி சொன்னாலும் வேண்டாம் என்பார். கடன் கேட்கிறவன் வீட்டில் உட்கார மாட்டார். சோடா கூடக் குடிக்க மாட்டார். ஷாப்புக்குள் நுழைவதற்கு முன்னால் சுற்றுச்சுவருக்குப் பின்புறம் போய்ச் சாக்கடையைப் பார்ப்பார். தண்ணீர் ஓடுகிறதா, என்ன நிறத்தில் ஓடுகிறது என்று பார்ப்பார். பிறகு பட்டை இறக்குகிற வண்டிக்காரர்களிடம் போய் நிற்பார்.

"பணம் உடனே குடுக்குறாங்களா, நாளைக்கு வான்னு சொல்றாங்களா?"

"போன வாரத்துக்கு இந்த வாரம் குடுத்தாங்க சாமி."

"அதுக்கு முன்னால?"

"அப்பல்லாம் கையோட குடுப்பாங்க."

அவ்வளவுதான். அந்த ஆளுக்கு அந்த வருஷம் கடன் ஏறாது. ஏன் என்று வியாபாரிக்குத் தெரியாது. பெரிய வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது என்று பத்திரத்தை எடுத்து வைப்பான். நாயுடு பத்திரத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

ஒரு வியாபாரி இருந்தான். சரக்கு முதல்தரம். கையிலும் பணம் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் மெட்ராஸில் ஒரே ஏற்றுமதிக்காரருக்கு விற்பான். நாயுடு அவன் கேட்டதில் பாதிதான் கொடுத்தார்.

"இன்னா ஐயா, என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று வியாபாரி கேட்டான்.

"உங்க மேல இருக்கு. நீங்க எல்லாத்தையும் ஒரே ஆளுக்கு விக்கிறீங்க. அப்ப நான் அந்த ஆளுக்குத்தானே கடன் குடுக்குறேன்? அவர் மூஞ்ச நான் பார்த்ததே இல்லியே."

பூட்டுப் போடாமல், சரக்கைப் பார்த்து மட்டும் கொடுக்கிற கடனும் உண்டு. அதில் இன்னொருவன் ஒரே சரக்கை இரண்டு இடத்தில் காட்டிக் கடன் வாங்கினான். ஆம்பூரில் எங்களுக்குக் காட்டுவான். வாணியம்பாடியில் ஒரு சேட்டுக்குக் காட்டுவான். நாயுடு தான் ஆம்பூரில் சரக்குப் பார்க்கிற அதே நாளில் என்னை வாணியம்பாடிக்கு அனுப்பினார். அங்கே வெறும் கிட்டங்கி. அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனைக் குறைத்து வெளியே வந்துவிட்டார். சேட்டுதான் மாட்டினான். "திருடன்னு கத்தினா அவன் மூடிட்டுப் போயிடுவான், நம்ம பணம் உள்ள நிக்கும்" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது இல்லை.

தோலை அவரும் தொடுவார். பக்கெட்டில் தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவிவிட்டுப் போவார். அதைப் பற்றிக் குமாஸ்தாக்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது வேறு காரணத்தால்.

கரீம் சாயபு கதையைச் சொல்ல வேண்டும்.

கரீம் சாயபு ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம் ஷாப்பு வைத்திருந்தார். பெரிய ஷாப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய சரக்குக்கு ஒரு பெயர் இருந்தது. பதனிட்ட தோல் கப்பலேறி லண்டனுக்குப் போகும். அங்கே ஏலம். ஏலத்தில் எடுக்கிறவன் கட்டைப் பிரித்துப் பார்க்க மாட்டான். தோலின் சதைப் பக்கம் அடித்திருக்கிற மார்க்கைத்தான் பார்ப்பான். எந்த ஷாப்பின் மார்க் என்று தெரிந்து விலை சொல்வான். ஒவ்வொரு ஷாப்புக்கும் ஒரு மார்க். சாயபுவுடையது ஒரு வட்டத்துக்குள் ஒரு கூஜா. பித்தளை அச்சில் மசியைத் தொட்டு ஒவ்வொரு தோலிலும் அடிப்பார்கள். கூஜா மார்க் தோலுக்கு மற்றத் தோலைவிட விலை ஜாஸ்தி. விற்காமல் திரும்பியது இல்லை.

தரம் பிரிக்கிறபோது சாயபு தானே உட்காருவார். ஒரு தோலைத் தள்ளினால் தள்ளியதுதான். மேஸ்திரி முனுசாமி சில சமயம் கெஞ்சுவான்.

"மொதலாளி, வயித்துல சின்ன கீறல். யாரு பாக்கப் போறான்?"

"நீ பாத்துட்டியே."

பெரிய சண்டை, முதல் உலக யுத்தம், நடந்த காலத்தில் சிப்பாய்களின் பூட்ஸுக்காக எல்லாத் தோலையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. சண்டை முடிந்ததும் விலை தலைக்கு மேல் போனது. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு எங்கும் புதிய ஷாப்புகள். பாங்கியின் தலைமை ஆபீசில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். கிட்டங்கியில் இருக்கிற முடிந்த சரக்குக்கு மட்டும் இல்லை, குழியில் கிடக்கிற சரக்குக்கும் கடன் கொடுக்கலாம் என்றார்கள். மற்ற பாங்கிகள் கொடுக்கின்றனவாம்.

நாயுடுவுக்கு அது பிடிக்கவில்லை. "குழியில இருக்கிறது தோல் இல்ல தாவீது, வேலை" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது அது சரியாகப் புரியவில்லை. உத்தரவு வந்தது. கொடுத்தார். கரீம் சாயபுவுக்கும் கொடுத்தார்.

பிறகு விலை விழுந்தது. படிப்படியாக விழவில்லை. லண்டன் ஏலத்தில் கட்டுகள் கேட்பாரில்லாமல் கிடக்கின்றன என்று தந்தி வந்தது. நூறு ரூபாய்ச் சரக்கு ஐம்பதுக்கு வந்துவிட்டது. எழுபது கொடுத்திருக்கிறோம். மெட்ராஸிலிருந்து உத்தரவு: குறைகிற பணத்தைக் கட்டச் சொல், இல்லாவிட்டால் மொத்தத்தையும் பூட்டு. சாயபுவிடம் பணம் இல்லை. கப்பலில் போன சரக்கின் பணமே வரவில்லை. கச்சாத் தோல் கொடுத்தவர்களும் பட்டை கொடுத்தவர்களும் அவர் வாசலில் நின்றார்கள். கூலிக்காரர்களுக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி.

நான் பெரிய கேட்டைப் பூட்டப் போனேன். சாயபு வெளியே வந்தார். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். கூலிகள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். முனுசாமி மட்டும் நின்றான்.

"தாவீது, சுண்ணாம்புக் குழியில தோல் கெடக்குது. நாளைக்கு எடுத்தாகணும். வெயில் காலம்."

"உத்தரவு இல்ல முனுசாமி."

"நீயும் குழியில எறங்கினவன்தானே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். மயிர் கழலுவதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் போடுவது. கணக்குக்கு மேல் கிடந்தால் சுண்ணாம்பு தோலையே தின்னும். மேல்தோல் தொளதொளவென்று ஆகிவிடும். பட்டைக் குழியும் அப்படித்தான். தினமும் புரட்ட வேண்டும். நீர்த்த குழியிலிருந்து கெட்டியான குழிக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சைக் காளான். பதனிட்ட சரக்கைப் பூட்டினால் வருஷம் இருக்கும். குழியைப் பூட்டினால் நாளுக்கு நாள் குறையும். நாயுடு சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூட்டினேன்.

மறுநாள் நாயுடு வந்தார். வழக்கம்போலச் சுவருக்குப் பின்னால் போனார். சாக்கடை காய்ந்திருந்தது. திரும்பி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றார். நாற்றம் வெளியே வர ஆரம்பித்திருந்தது.

கேட்டுக்கு எதிரில் புளியமரத்தடியில் சாயபுவுக்குக் கடன் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டு அமீனாவும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டை வியாபாரி ஒருவன் ஜப்தி உத்தரவு வாங்கியிருந்தான். பாங்கியின் பூட்டு இருக்கிற வரைக்கும் அமீனா உள்ளே நுழைய முடியாது. சாவி திரும்பச் சாயபு கைக்குப் போனால் அந்த நிமிஷமே நுழைந்துவிடுவார். அதற்காகத்தான் காத்திருந்தார்.

நாயுடு மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தார். குழிச் சரக்கு அழுகும், வேலை நடத்த அனுமதி வேண்டும். சாயங்காலம் பதில் வந்தது. கதவைத் திறக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"எப்ப சார் வருவாரு?" என்று கேட்டேன்.

"தேதி போடல."

அன்று இரவு நாயுடு வேலூர் திரும்பவில்லை. சத்திரத்தில் தங்கினார். காலையில் வந்தார். என்னைப் பார்த்து, "தாவீது, கூலி ஆளுங்க எங்க இருப்பாங்க?" என்றார்.

முனுசாமியையும் மற்றவர்களையும் கூட்டி வந்தேன். நாயுடு அவர்களிடம் சொன்னார். "இன்னையிலேருந்து நீங்க பாங்கி ஆளுங்க. தினக்கூலி. சாயங்காலம் கையில பணம். சாவி தாவீதுகிட்டயே இருக்கும். உள்ள போய் வேலையைப் பாருங்க."

பாங்கி ஆட்கள் பாங்கியின் பூட்டைத் திறந்து பாங்கியின் ஈட்டைக் காப்பாற்றினால் சாவி கை மாறியதாக ஆகாது. அதுதான் அவருடைய கணக்கு. மேலிடத்து உத்தரவுக்கு அது விரோதம். பணமும் பாங்கியுடையது இல்லை. வேலூரிலிருந்து தன் வீட்டுப் பணத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கூலிகள் நகரவில்லை.

"இன்னாப்பா?" என்றார் நாயுடு.

முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு வாரமா கூலி இல்ல சாமி. ஊட்ல அடுப்பு எரியல. பணம் வேணாம்னு சொல்லல. ஆனா மொதலாளி அங்க குந்தினு இருக்காரு. அவரு ஷாப்புக்குள்ள அவரு சொல்லாம நாங்க எப்படிப் போவோம்?"

சாயபு சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டை வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்திருந்தார். பூட்டிய நாளிலிருந்து தினமும் வந்து அங்கே உட்காருவார். கடன் கொடுத்தவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே ஏசுவார்கள். எழுந்து போக மாட்டார்.

கடன் வாங்கினவரிடம் ஒன்று கேட்பதற்காக நாயுடு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாலையைக் கடந்து போனார். நானும் பின்னால் போனேன். சாயபு எழுந்தார்.

"ஆளுங்களை உள்ள அனுப்பணும் சாயபு. நீங்க சொன்னாத்தான் போவாங்களாம்."

"போனா எனக்கு இன்னா வரும் ஐயா?"

"ஒண்ணும் வராது. சரக்கு பாங்கிக்கு. உங்க கடன் கொஞ்சம் கம்மியாகும்."

"போவாட்டி?"

"சரக்கு அழுகிடும். கடன் அப்படியே நிக்கும். ஷாப்பும் போயிடும்."

"ஷாப்பு எப்படியும் போவுது இல்ல?"

"போகும்" என்றார் நாயுடு. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பட்டை வியாபாரி மரத்தடியிலிருந்து கத்தினான். "அழுகட்டும் விடு சாயபு. பாங்கிக்காரனும் எங்களை மாதிரி வயித்துல அடிச்சிக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். சாயபு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்தார். காற்று இந்தப் பக்கம் அடித்தது. நாற்றம் நன்றாக வந்தது. தோலில் வளர்ந்தவர்களுக்கு நாற்றம் தெரியாது என்பார்கள். வேலை நாற்றம் தெரியாது. அழுகல் நாற்றம் எங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

"முனுசாமி" என்று கூப்பிட்டார். "போய்க் குழியப் பாரு. தோலு இன்னா பாவம் பண்ணிச்சு."

உள்ளே போனார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். சுண்ணாம்புக் குழி இரண்டு கெட்டுவிட்டிருந்தன. தோலைத் தூக்கினால் கையோடு வழுக்கியது. அதில் உருக்குலையாததை மட்டும் பட்டைக்கு ஏற்றினோம். மற்றக் குழிகள் தப்பின. பட்டைக் குழியில் மேலாகக் காளான். துடைத்துவிட்டுப் புதுப் பட்டைத் தண்ணீருக்கு மாற்றினோம். சாயங்காலம் நாயுடு கேட்டு வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கூலி கொடுத்தார். அமீனா நாற்காலியை மடித்துக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் மெட்ராஸிலிருந்து வந்தபோது கேட்டு திறந்திருந்தது. உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. படித்தவர், தங்க விளிம்புக் கண்ணாடி. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எல்லாக் குழியையும் ஒரு சுற்றுச் சுற்றினார். ஒன்றையும் விடவில்லை.

"யார் உத்தரவு?"

"என் உத்தரவு" என்றார் நாயுடு.

"எழுத்துல இருக்கா?"

"இல்ல. இப்ப எழுதித் தர்றேன்."

இன்ஸ்பெக்டர் மறுபடி குழிகளைப் பார்த்தார். "நடக்கட்டும். பொறுப்பு உங்களுது" என்றார்.

நடந்தது. தோல்கள் ஒவ்வொரு குழியாக ஏறி, கடுக்காய்த் தண்ணீரும் எண்ணெயும் கண்டு, நிழலில் காய்ந்து, கிட்டங்கிக்கு வந்தன. அதுவரைக்கும் சாயபு உள்ளே வரவில்லை. வரக் கூடாது என்பது ஏற்பாடு. அவரும் கேட்கவில்லை.

மார்க் அடிக்கிற நாள் வந்தது. இன்ஸ்பெக்டரும் வந்தார். லண்டனில் மார்க் இல்லாத தோலை யாரும் கேட்பதில்லை. கூஜா மார்க் போட்டால் ஏதோ ஒரு விலைக்குப் போகும் என்று மெட்ராஸில் சொல்லியிருந்தார்கள். மார்க் அடிக்கச் சாயபுவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

சாயபு வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டங்கிக்குள் நுழைந்தார். தரையில் உட்கார்ந்தார். பழைய இடம். முனுசாமி தோலை எடுத்துப் போட, இவர் புரட்டிப் பார்த்து, வலது பக்கம் போட்டால் மார்க், இடது பக்கம் போட்டால் இல்லை. நான் அச்சு பிடித்தேன். நல்ல தோல்களில் கூஜா விழுந்துகொண்டே வந்தது. பூட்டிக் கிடந்த நாட்களில் சுண்ணாம்பு தின்ற தோல் வந்தது. பட்டையில் நன்றாகத்தான் ஊறியிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. சாயபு கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். இடது பக்கம் போட்டார். அடுத்ததையும் போட்டார். இடது பக்கம் உயர்ந்துகொண்டே போனது.

இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார்.

"எதுக்கு இதெல்லாம் தள்றீங்க? இதுவும் உங்க குழியில வந்ததுதானே?"

"என் குழிதான் சார். என் கண்ணுல படாம கெடந்துச்சு. உறுதி இல்ல. தெச்சா பிஞ்சிரும்."

"வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் கப்பல்ல தெரியாது."

"இதோ பாருங்க சாயபு. மார்க் போட்டா இது ஒரு விலைக்குப் போகும். போடாட்டி மெட்ராஸ் பெரியமேட்டு மண்டியில வந்த விலைக்குத் தள்ளணும். வித்தியாசம் பாங்கிக்கு இல்ல. உங்க கடன்ல நிக்கும். உங்களுக்குத்தான் நஷ்டம். புரியுதா?"

"புரியுது சார். நிக்கட்டும்."

இன்ஸ்பெக்டருக்கு அவர் சொல்வது விளங்கவில்லை என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை. கணக்கில் சாயபுவுக்கு உதவிதான் செய்தார். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "அச்சு உன் கையிலதானே இருக்கு? அதுலயும் அடி" என்றார்.

நான் நாயுடுவைப் பார்த்தேன். அச்சைத் தூக்கவில்லை.

நாயுடு சொன்னார். "ஈட்டுப் பத்திரத்துல தோல் இருக்கு, பட்டை இருக்கு, தராசு இருக்கு. மார்க் இல்ல சார்."

"அச்சு உள்ளதானே இருந்துச்சு? நம்ம பூட்டுக்குள்ள."

"அச்சு இருந்துச்சு. மார்க் அவருது. அவர் லண்டனுக்கு ஒரு தந்தி குடுத்து, இது என் மார்க் இல்லன்னு சொன்னார்னா, வலது பக்கம் இருக்கிறதும் போகாது."

சாயபு நிமிர்ந்து பார்த்தார். "அப்படியெல்லாம் தந்தி குடுக்க மாட்டேன் ஐயா" என்றார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு அடுக்கையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சரி என்று கையைக் காட்டிவிட்டு வெளியே போனார். சாயபு அடுத்த தோலை எடுத்தார்.

கூஜா போட்ட கட்டுகள் லண்டனில் விற்றுவிட்டன. விலை குறைச்சல்தான். ஆனால் மற்றவர்களின் கட்டுகள் கேட்பாரில்லாமல் கிடந்தபோது அவை போய்விட்டன. இடது பக்கத்துத் தோல் பெரியமேட்டில் அடிமாட்டு விலைக்குப் போனது. ஷாப்பை ஏலம் விட்டார்கள். வேலூர்க்காரர் ஒருவர் எடுத்தார். அச்சையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூட்டித் தருகிறேன் என்றார். நாயுடு அதற்கு முன்னாலேயே அச்சைத் துணியில் சுற்றிச் சாயபு வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அதற்கு ரசீது வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன்.

எல்லாம் போக ஒரு பாக்கி நின்றது. இடது பக்கம் போட்ட தோலின் விலை வித்தியாசம் அளவுக்கு இருக்கும் என்று குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டார்கள். சாயபு சில மாதம் சிறு சிறு தொகையாகக் கொண்டுவந்து கட்டினார். பிறகு மகளின் நிக்காஹ் வந்தது. பிறகு உடம்புக்கு முடியவில்லை. பாங்கி அதைத் தள்ளுபடி செய்துவிட்டது.

நாயுடு கொடுத்த கூலிப் பணம் நெடுநாள் கழித்துத்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மெட்ராஸிலிருந்து விளக்கம் கேட்டார்கள். எழுதினார். அடுத்த வருஷம் அவரைத் தெற்கே ஒரு சின்னக் கிளைக்கு மாற்றினார்கள். அதுவும் இதுவும் சம்பந்தமா என்று எனக்குத் தெரியாது. ரயிலேற்றப் போனேன். "குழியைப் பூட்டாதே" என்று மட்டும் சொன்னார். பிறகு பாங்கியின் ஈட்டுப் பத்திரத்தில் ஒரு வரி புதிதாக அச்சடித்து வந்தது. குழியில் இருக்கும் சரக்கைப் பாங்கி தன் ஆட்களை வைத்துத் தானே முடிக்கலாம் என்று. இப்போதும் அந்த வரி இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார்கள். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

புது ஏஜெண்ட் வந்த பிறகு ஒரு தடவை சாயபு மறுபடி கடன் கேட்டு வந்தார். சின்ன அளவில் ஆரம்பிக்கிறேன் என்றார். ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டார்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஈடு இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

கேட்டதற்கு அதுதான் பதில். வேறு ஏதாவது சொல்லியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது. பாங்கியில் இருப்பது மற்றவர்கள் போட்டுவைத்த பணம். சாயபு எனக்குத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் பேரணாம்பட்டில் வேறொருவர் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஷாப்பும் எங்கள் பாங்கியில் கடன் வாங்கியிருந்தது. சரக்குப் பார்க்க நான் அங்கே போவேன். கிட்டங்கியில் சாயபு இருப்பார். அவர் அடுக்கிய கட்டு. ஆனாலும் நான் அடியிலிருந்து உருவி நடுத் தோலை இழுத்து மடித்துப் பார்ப்பேன். அவர் விலகி நின்று இடம் விடுவார். ஒரு நாளும் வருத்தப்பட்டது இல்லை.

ஒரு தடவை கேட்டேன். "சாயபு, அச்சு இருக்குதா?"

"ஊட்ல இருக்குது."

"இங்க மொதலாளி கேக்கலியா? கூஜா போட்டா விலை ஏறுமே."

"கேட்டாரு. சம்பளம் ஜாஸ்தி தர்றேன்னு கூடச் சொன்னாரு."

"அப்புறம்?"

"கச்சாத் தோல நான் வாங்கல. குழிய நான் பாக்கல. வந்ததைப் பிரிக்கிறேன், அவ்வளவுதான்." அடுத்த கட்டின் கயிற்றை அவிழ்த்து என் பக்கம் தள்ளினார். "இத்தையும் பாத்துரு தாவீது. இதுல நாலஞ்சு தோலு எனக்கே சந்தேகமா கீது."

பார்த்தேன். ஐந்து தோல் தள்ளினேன்.